காவடியின் ரோஸ் நிறம்: படப்போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் சங்கத்துத் தைப்பூசப் புகைப்படப் போட்டிக் குழுவின் தலைவர் ஐயாவுக்கும், குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு அறிவிப்பைக் கோவில் பலகையில் பார்த்தேன். நான்காம் விதியைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் உறுத்தலும் வந்தது. 'படங்கள் டிஃப் அல்லது ரா கோப்பாக மட்டுமே ஏற்கப்படும்.' டிஃப் என்பது பெரும்பாலும் நுணுக்கம் எதையும் கழிக்காமல் படத்தைச் சேமிக்கும் பெரிய கோப்பு, ரா என்பது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. போன ஆண்டு அதே இடத்தில், 'செய்திச் செயலியில் இந்த எண்ணுக்கு அனுப்பினால் போதும்' என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்தது, பரிசளிப்பு முடிந்ததும் மண்டப வாசலில் நான் போட்ட சத்தம்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கமே போகாது என்பார்கள். குழு அப்படி ஆகிவிட்டது. ஆனால் நான் கேட்டது இது இல்லை, ஐயா. தனியாக வந்து சொல்லியிருக்கலாம். படம் எடுக்கிற நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டிய விஷயம் என்பதால் திறந்தே எழுதுகிறேன்.

போன ஆண்டு என் படம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் மொரீஷியஸின் கோர் தெ கார்ட் மலையில், கோவில் படிக்கட்டு தொடங்கும் இடத்தில், தலையில் பால்செம்போடு நின்ற பாட்டி. கன்னத்தில் சின்ன வெள்ளி வேல். பத்து நாள் விரதம் முகத்தில் தெரிந்தது. காலைப் பத்து மணி வெயில். நம் ஊர்க் காவடியின் நிறத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: புடவை, வேட்டி, காவடியில் கட்டிய துணி, எங்கு பார்த்தாலும் அந்தப் பளீர் ரோஸ்.

கேமராவில் அந்தக் கோப்பு 6000க்கு 4000 பிக்சல். செயலி வழியாக உங்கள் கையில் போய்ச் சேர்ந்தது 1600 பிக்சல் நீளம். அதை ஏ2 தாளில் அச்சிட்டீர்கள். 594 மில்லிமீட்டர் நீளத்தில் 1600 பிக்சலைப் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 70 பிக்சல்கூட வராது. மூலக் கோப்பிலிருந்து அச்சிட்டிருந்தால் 250க்கு மேல் வந்திருக்கும். சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். புடவையில் ஒரு மடிப்புகூட இல்லை, ரோஸ் அட்டையை வெட்டி ஒட்டியது போல இருந்தது. வேலின் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் கட்டம். பாட்டியின் பேத்தி என்னிடம் வந்து, "அண்ணே, பாட்டி கன்னத்துல ஏன் தூசி மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். அப்புறம்தான் நான் சத்தம் போட்டேன்.

அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விதியைச் சரியாக எழுதிவிடலாம். செயலி படத்தைச் சுருக்கி அனுப்புவது ஜேபெக் என்ற கோப்பு வகையில். அது 1992இல் தரநிலையானது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துக் கோப்பைச் சின்னதாக்குகிறது. அளவோடு கழித்தால் யாருக்கும் தெரியாது. கசக்கிப் பிழிந்தால் அந்தச் சதுரங்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். பேத்தி பார்த்த தூசி அதுதான். இன்னொன்றும் செய்கிறது. வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சேமிக்கிறது. சாதாரணப் படத்தில் இதனால் ஒன்றும் கெடுவதில்லை. நம் ரோஸில்தான் வினை. ஒவ்வொரு பிக்சலின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பங்கு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். வெயிலில் அந்தத் துணி சிவப்புப் பங்கை 255 என்ற உச்சியில் கொண்டுபோய் முட்டுகிறது. உச்சியில் எல்லாம் ஒரே எண்ணாகிவிட்டால் மடிப்பு எங்கே தெரியும்? ஜேபெக்கில் ஒரு நிறப் பங்குக்கு 8 பிட், அதாவது 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. அங்கே மடிப்பு ஓரளவு பிழைத்துக் கிடக்கும், நாம் மீட்டெடுக்கலாம்.

சரி, அப்படியானால் ராவையே கேட்டால் என்ன என்று தலைவர் ஐயா கேட்பது காதில் விழுகிறது. ரா என்பது இன்னும் படமாகவில்லை. அரைக்காத அரிசி மாதிரி. கேனானில் சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வகை. ஒரே கோப்பை இரண்டு மென்பொருளில் திறந்தால் இரண்டு நிறத்தில் வரும். நடுவர் ஐயாவின் மடிக்கணினி மூன்று ஆண்டு பழையது என்றால் புதுக் கேமராவின் கோப்பு திறக்காமலே போகலாம். திறந்தாலும், எடுத்தவர் மனதில் வைத்திருந்த ரோஸ் அதில் இருக்காது. எதை மதிப்பிடுவார்கள்?

டிஃப் மட்டும் என்பது இதைவிடக் கஷ்டம். 6000க்கு 4000 படம் சுருக்காத 8 பிட் டிஃபாக 72 எம்பி. 16 பிட்டாக 144 எம்பி. ஆளுக்கு மூன்று படம் என்றால் 432 எம்பி. சங்கத்து மின்னஞ்சல் முதல் நாளே நிரம்பிவிடும். அதைவிட என்னை உறுத்துவது வேறு. போன ஆண்டு இரண்டாம் பரிசு வாங்கியது ரோஸ் ஹில்லில் படிக்கும் பெண், செல்பேசியில் எடுத்த படம். இந்த விதியைப் பார்த்து அவள் என்ன செய்வாள்? எங்காவது ஒரு இலவசச் செயலியில் ஜேபெக்கை டிஃபாக மாற்றி அனுப்புவாள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய செம்பில் ஊற்றினால் பால் கூடுமா? கழித்ததெல்லாம் கழித்ததுதான், கோப்பு மட்டும் வீங்கும். விதியைக் காப்பாற்றிவிட்டதாகக் குழுவும் நினைத்துக்கொள்ளும்.

நான் கேட்பது இரண்டு கட்டம். முதல் கட்டத்துக்கு எல்லோரிடமும் ஜேபெக் வாங்குங்கள், நீளப் பக்கம் 1920 பிக்சல். நடுவர்கள் புரொஜெக்டரில்தான் பார்க்கப்போகிறார்கள், அதற்கு இது தாராளம். சேமிக்கும்போது கேட்கும் தரம் நூற்றுக்கு 90க்குக் குறையாமல், எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருக்கட்டும். நிறவெளி என்பது கோப்பில் உள்ள எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்ற கணக்கு, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவானது எஸ்ஆர்ஜிபி. எஸ்ஆர்ஜிபி என்ற வார்த்தையை விதியில் கட்டாயம் எழுதுங்கள். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற வேறொரு நிறவெளியை வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நம்மில் நிறைய. அந்தக் கோப்பை நிற விவரத்தைக் கவனிக்காத மென்பொருளில் திறந்தால், பளீர் ரோஸ் வெளுத்துப்போன பழைய புடவை போலத் தெரியும். நடுவர் எடுத்தவரைக் குறை சொல்வார், எடுத்தவர் நடுவரை. படத்தை மின்னஞ்சல் இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். செய்திச் செயலிதான் வசதி என்றால் 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்பினால் சுருங்காமல் வரும். போன ஆண்டே யாராவது இதைச் சொல்லியிருந்தால் பாட்டியின் படம் பிழைத்திருக்கும்.

இரண்டாம் கட்டம், இறுதிச் சுற்றுக்கு வந்த பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும். அவர்களிடம் முழு அளவுக் கோப்பை அச்சுக்காக வாங்குங்கள். டிஃபாகவும் இருக்கலாம், தரம் குறையாத ஜேபெக்காகவும் இருக்கலாம். கூடவே கேமராவிலிருந்து வந்தபடியே இருக்கும் மூலக் கோப்பும் வேண்டும். ராவில் எடுத்தவர் ராவைக் கொடுப்பார். ஐபோனில் 2017இலிருந்து எச்இஐசி என்ற வகை வந்துவிட்டது. அந்தப் பெண் தன் போனில் இருப்பதை அப்படியே கொடுக்கட்டும், அதுதான் அவளுடைய மூலம். மூலமே ஜேபெக் என்றால் அதுவும் சரி. 'ரா இல்லாதவர் தகுதியற்றவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முகநூலிலிருந்து திரையைப் பிடித்து, பிஎன்ஜி என்ற வேறொரு கோப்பு வகையாக அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி விதி தேவையில்லை, மூலம் கேட்டாலே ஒதுங்கிவிடுவார்கள்.

மூலம் எதற்கு என்று கேட்டால், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஊர்வலத்தில் காவடிக்குப் பின்னால் எப்போதும் நாலு செல்பேசிக் கை நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது விரலால் தடவினால் அந்தக் கைகள் மறைந்துவிடும், வானத்தில் மேகமும் வந்துவிடும். நமக்குள் அப்படிச் செய்வார்களா என்று கேட்பீர்கள். 2015இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற உலகச் செய்திப் படப் போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களை மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவற்றில் 20 சதவீதம் திருத்தல் காரணமாக வெளியேறின. உலகம் முழுவதும் பேர் வாங்கிய ஆட்களே அப்படி. நாம் என்ன, மனிதர்தானே. எது வரை திருத்தலாம் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்: வெளிச்சம், நிறம், ஓரம் வெட்டுதல் சரி, இருந்ததை நீக்குவதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது.

அறிவிப்பின் அடியில் 'வெற்றி பெற்ற படங்கள் சங்கத்தில் ஆவணமாகப் பாதுகாக்கப்படும்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் பதிவேடுகளும் படங்களும் இருக்கின்றன. 1867 சட்டத்துக்குப் பின் அவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய சீட்டில் படம் இருந்தாக வேண்டும். ஆளைக் கண்காணிக்க எடுத்த படம்தான், மரியாதைக்கு எடுத்ததில்லை. என் பூட்டனின் படத்தை அங்கேதான் பார்த்தேன். காலரில் ஒரு தையல் பிரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. நாம் ஆசையாக எடுத்த பாட்டியின் படத்தில் புடவை மடிப்பு தெரியவில்லை. அதனால் ஆவணத்துக்கு முழு அளவு டிஃபையும் மூலக் கோப்பையும் சேர்த்து, இரண்டு தனித்தனி வன்தட்டில், இரண்டு வீட்டில் வையுங்கள். புயல் மாதத்தில் ஒரு கூரை பறந்தாலும் இன்னொன்று இருக்கும்.

விதியைத் திருத்தி எழுத நேரம் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், அரைப் பக்கம்தான் வரும். ஒரு சனிக்கிழமை மாலை மண்டபத்துக்கு வந்து, செல்பேசியிலிருந்து சுருங்காமல் அனுப்புவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டவும் தயார். புரொஜெக்டர் வயரை நானே கொண்டுவருகிறேன். மண்டபத்து வயர் ஆட்டினால்தான் வேலை செய்யும்.

இன்னும் ஒன்று. பாட்டியின் அந்த அச்சு இப்போதும் நூலக அறைச் சுவரில் தொங்குகிறது. மூலக் கோப்பிலிருந்து புதிதாக ஒன்று என் செலவிலேயே எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டுவருகிறேன். பழையதைக் கழற்றி வையுங்கள்.