பக்கத்து வீட்டுப் பட்டறைக்கு ஐந்து பேர் தீர்ப்பு

நியூ ஹாம்ப்ஷயர்,
அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இவ்விடம் நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லம்மா" என்ற ஒரே பதில்தான் வருகிறது. உண்மையை நீங்களாவது எழுதுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஆரம்பித்துப் பாதியில் விட்ட கதையை இதில் முழுதாகச் சொல்கிறேன். நில விவகாரம் என்பதால் இதை உங்களுக்குத்தான் எழுத வேண்டும். முப்பது வருஷம் சங்கிலியும் புலப்படமுமாக வயல் வரப்பில் அலைந்தவருக்கு இதில் ருசி இருக்கும்.

போன மாதம் டவுன் ஆபீஸிலிருந்து பதிவுத் தபால் ஒன்று வந்தது. கவரைப் பார்த்ததுமே வரி பாக்கியோ என்று உங்கள் மாப்பிள்ளைக்குப் பதற்றம். பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. எங்கள் மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், மரவேலையில் பிரியம் உள்ளவர். தன் நிலத்தில் ஒரு பட்டறை கட்ட ஆசைப்படுகிறார். இந்த ஊர் விதிப்படி எந்தக் கட்டடமும் பக்கத்து எல்லையிலிருந்து 25 அடி தள்ளி நிற்க வேண்டும். அவர் 12 அடியில் கட்டக் கேட்கிறார். கட்டட அனுமதி தரும் அலுவலர் முடியாது என்று சொல்லிவிட்டதால், எந்த நிலத்தில் என்ன, எங்கே கட்டலாம் என்ற ஊர் விதிகளுக்கு விலக்குத் தரும் ஸோனிங் போர்டுக்கு விலக்குக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். இன்ன தேதி மாலை ஏழு மணிக்கு விசாரணை, எல்லையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் என்ற முறையில் நீங்கள் வந்து பேசலாம் என்று அந்தக் கடிதம் சொன்னது.

எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலத்துக்காரர்கள், ரோட்டுக்கோ ஓடைக்கோ நேர் எதிரே இருப்பவர்கள், எல்லோருக்கும் விசாரணைக்கு ஐந்து நாள் முன்னதாகவாவது இப்படித் தகவல் போயாக வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். தபால் செலவு மனுதாரருடையது. நம் ஊரில் பிளான் அப்ரூவலுக்குப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரை யாராவது கூப்பிட்டுக் கேட்டதுண்டா? எல்லையில் இடம் (செட்பேக்) விடாமல் சுவர் எழும்பிய பிறகுதான் சண்டையே ஆரம்பிக்கும். அப்புறம் பஞ்சாயத்துக்கு உங்களைக் கூப்பிடுவார்கள், நீங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள், அம்மா திட்டுவாள்.

இந்த ஊரில் வீடு கட்ட ஆளுக்குக் குறைந்தது இரண்டு ஏக்கர் வேண்டும். நம் கணக்கில் 200 சென்ட்! முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் குடிநீர்க் குழாயும் இல்லை, பாதாளச் சாக்கடையும் இல்லை. வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு, சொந்த செப்டிக் டேங்க். கிணற்றைச் சுற்றி 75 அடிக்குள் செப்டிக் வரக்கூடாது. அதனால் நிலம் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்க வேண்டும். அதற்காக இரண்டு ஏக்கரா என்றால், அங்கேதான் வேறு கணக்கு நுழைகிறது. இந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, கடையில் விற்பனை வரியும் இல்லை. பள்ளிக்கூடம், ரோடு, தீயணைப்பு என்று ஊர்ச் செலவில் பெரும்பகுதி வீட்டு வரியில் நடக்கிறது. புது வீடு வந்தால் பிள்ளைகள் வருவார்கள், பள்ளிச் செலவு ஏறும், வரி ஏறும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "ஊரின் இயல்பு கெட்டுவிடும்" என்பார்கள். கடைசியில் ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்தும் இளம் ஆசிரியருக்கு அதே ஊரில் வீடு வாங்க வழியில்லாமல் போகிறது. 1991-லேயே இந்த மாநில உச்ச நீதிமன்றம், செஸ்டர் என்ற ஊரின் விதிகள் வசதி குறைந்தவர்களை வெளியே நிறுத்துகின்றன என்று கண்டித்திருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் அந்தத் தீர்ப்பை அதிகம் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இந்த ஸோனிங் ஏற்பாடு முழுக்கவும் அப்படிப் பழையதும் இல்லை, அப்பா. நகரம் முழுவதற்குமான விதியாக நியூயார்க்கில் 1916-ல்தான் வந்தது. சில வருஷம் கழித்து, கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் யூக்ளிட் என்ற சின்ன ஊர் மீது, அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு நிலக் கம்பெனி வழக்குப் போட்டது. என் நிலத்தில் நான் என்ன கட்டுவது என்று சொல்ல நீ யார் என்பதுதான் வழக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-ல் ஊரின் பக்கம் நின்றது. தீர்ப்பு எழுதிய நீதிபதி சதர்லாண்ட், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறையில் இருந்தால்தான் தொல்லை என்ற அர்த்தத்தில் ஒரு வரி எழுதினார். அந்த வரியை இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். அதே தீர்ப்பில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒட்டுண்ணி என்றும் எழுதியிருக்கிறார். அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை காலை போர்டுக்காரர்கள் நிலத்தைப் பார்க்க வந்தார்கள். அதுவும் அறிவித்து நடத்தும் பொதுக் கூட்டமாம், யார் வேண்டுமானாலும் கூட நடக்கலாம். நானும் போனேன். ஐந்து பேரும் இந்த ஊர்க்காரர்கள், சம்பளம் கிடையாது. ஒருவர் குழாய் வேலை செய்கிறவர், ஒருவர் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறார், தலைவராக இருக்கும் அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறையின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பின்பக்கம் போனோம். முப்பது அடி நடப்பதற்குள் காலணி சேற்றில் இறங்கியது. அந்தப் பக்கம் முழுக்க ஈரநிலம், அதன் அருகே கட்டக்கூடாது. மேற்கே தள்ளலாம் என்றால் அங்கே தரைக்கு மேலே துருத்திக்கொண்டு கருங்கல் பாறை. மீதி இருப்பது எங்கள் எல்லை ஓரத்துச் சமதரைதான்.

எல்லை என்றால் எது தெரியுமா? இடுப்பளவு உயரக் கல்சுவர். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. பழைய காலத்து விவசாயிகள் உழும்போது கிளம்பிய கல்லையெல்லாம் வயல் ஓரத்தில் அடுக்கி வைத்தது. வயல்கள் காடாகிவிட்டன, சுவர்கள் மட்டும் காட்டுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் பத்திரத்திலேயே "கல்சுவர் வழியாக 18 ராடு" என்றுதான் இருக்கிறது. ஒரு ராடு பதினாறரை அடி. நான்கு ராடு சேர்த்தால் 66 அடி, அதாவது உங்கள் கண்டர் சங்கிலி! அங்கேயும் இங்கேயும் வெள்ளைக்காரன் ஒரே சங்கிலியைத்தான் இழுத்திருக்கிறான்.

விசாரணை டவுன் ஹாலில். மடக்கு நாற்காலிகள், ஓரத்தில் காபி, சுமார் இருபது பேர். தலைவர் கூட்டத்தைத் தொடங்கியதும் ஓர் உறுப்பினர் எழுந்து, மனுதாரரின் மனைவி எனக்கு ஒன்றுவிட்ட சகோதரி, நான் இதில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார். அவர் இடத்தில் மாற்று உறுப்பினர் ஒருவர் அமர்ந்தார். ஆள் குறைந்தாலும் மூன்று ஓட்டு கிடைத்தால்தான் விலக்கு, அதனால் முழு எண்ணிக்கை இருப்பது மனுதாரருக்கு நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் படத்தை மாட்டி விளக்கினார். அப்புறம் எதிர்வீட்டுப் பெரியவர் எழுந்து, "இவர் நல்ல மனிதர், பனிக்காலத்தில் என் வீட்டு வாசல் பனியைத் தள்ளிக்கொடுப்பவர், கொடுத்துவிடுங்கள்" என்றார். தலைவர் அம்மா சிரித்துக்கொண்டே, "நல்லவர் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு அவர் வீட்டை விற்றுவிடலாம், பட்டறை அங்கேயேதான் இருக்கும். அதனால் அதைக் கணக்கில் எடுக்க முடியாது" என்றார். இன்னொருவர் பட்டறை பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றார். அதற்கும் அதே பதில்தான், அழகு எங்கள் கேள்வியில் இல்லை என்று.

அவர்கள் கேள்வி ஐந்து. பொதுநலனுக்கு இது விரோதமா? விதியின் நோக்கம் கெடுகிறதா? மறுத்தால் ஊருக்கு வரும் நன்மையைவிட அவருக்கு வரும் நஷ்டம் பெரிதா? சுற்றியுள்ள சொத்து மதிப்பு குறையுமா? கடைசியாக, விதியை எழுத்துப் பிசகாமல் பிடித்தால் அவருக்குத் தேவையில்லாத கஷ்டம் வருமா? இந்த ஐந்தாவதில்தான் முக்கால் மணி நேரம் போயிற்று. கஷ்டம் என்றால் மனிதருடைய கஷ்டம் இல்லை, நிலத்தினுடைய கஷ்டம். அக்கம்பக்கத்து நிலங்களுக்கு இல்லாத ஏதோ ஒன்று இந்த நிலத்தில் இருந்து, அதனால்தான் முடியவில்லை என்று காட்ட வேண்டும். சேறும் பாறையும் அவருக்குக் கை கொடுத்தன. அதே இரவில் இன்னொருவர் ரோட்டு ஓரத்தில் கார் ஷெட் கேட்டு வந்தார். நிலம் நல்ல சமதரை, இடமும் ஏராளம், பின்னால் கட்டினால் பாதை போடச் செலவாகும் என்பது மட்டுமே அவர் வாதம். பணச் செலவு நிலத்தின் குறை இல்லை என்று நான்குக்கு ஒன்று ஓட்டில் மறுத்துவிட்டார்கள். மனிதர் முகம் சிவந்து கதவை அறைந்துவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

எங்கள் முறை வந்தது. உங்கள் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், எழுந்தது நான். பெயரும் முகவரியும் சொல்லிவிட்டு, பட்டறை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ரம்பச் சத்தம் எத்தனை மணிவரை இருக்கும், இரவில் விளக்கு எங்கள் படுக்கையறைப் பக்கம் அடிக்குமா, கொஞ்சமாவது தள்ளிக் கட்ட முடியாதா என்று மூன்று கேள்வி கேட்டேன். ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர் படத்தை வாங்கி ஸ்கேல் வைத்துப் பார்த்து, கதவை மறுபக்கம் திருப்பினால் மூன்று அடி மிச்சமாகுமே என்றார். பக்கத்து வீட்டுக்காரர் யோசித்துவிட்டுச் சரி என்றார். கடைசியில் அவர்கள் அங்கேயே, எங்கள் எல்லோர் முன்னாலேயே பேசி முடிவெடுத்தார்கள். எல்லையிலிருந்து 15 அடி, மாலை ஆறு மணிக்கு மேல் இயந்திரம் கூடாது, விளக்கு கீழ்நோக்கி மட்டும், அஸ்திவாரம் போடுமுன் உரிமம் பெற்ற சர்வேயர் அளந்து சான்று தர வேண்டும். குழாய் வேலைக்காரர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்: விதியை மாற்ற வேண்டுமானால் மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில் மாற்றுங்கள், ஒவ்வொருவருக்காக இங்கே வளைக்காதீர்கள் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த மார்ச் மாத ஊர்க் கூட்டம் நம் கிராம சபை மாதிரி, ஆனால் அதிகாரம் அதிகம். மார்ச் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஊரே ஓட்டுப் போட்டு இந்த விதிகளை மாற்றும். அதில் எனக்கு ஓட்டு இல்லை, இன்னும் குடியுரிமை வாங்கவில்லையே. விதி செய்யும் இடத்தில் ஓட்டுப் போட முடியாது, அந்த விதி என் வேலியைத் தொடும்போது மட்டும் தபால் போட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறார்கள். இத்தனை வருஷம் இங்கே வரி கட்டியும் வராத ஓர் எண்ணம், இது நாம் இருக்கும் ஊர் என்பது, அன்றைக்குத்தான் வந்தது. உங்கள் மாப்பிள்ளை இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டு இல்லாத பேச்சு வெறும் மரியாதைக்குத்தான் என்கிறார். அந்த மூன்று அடியைக் காட்டி நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு பிடிக்காதவர்கள் 30 நாளுக்குள் மறுவிசாரணை கேட்கலாம், அதுவும் சரிப்படாவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அந்த நாள் கழியட்டும் என்று காத்திருக்கிறார். இங்கே மண் உறைந்து மேலே தூக்கும் என்பதால் அஸ்திவாரம் நான்கு அடி ஆழம் போக வேண்டும், தரை இறுகுவதற்குள் தோண்டிவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

சர்வேயர் நேற்று வந்திருந்தார், கருவியை முக்காலியில் நிறுத்தி ஒற்றை ஆளாக அளந்துவிட்டார். நீங்களும் அம்மாவும் வந்தால் தங்குவதற்குப் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டலாமா என்றும் யோசிக்கிறோம். வீட்டோடு ஒட்டிய துணை வீட்டை ஊர்கள் தடுக்கக்கூடாது என்று 2017-லிருந்து மாநிலச் சட்டமே இருக்கிறது, தனியாக நிற்கும் துணை வீட்டுக்கும் 2025-ல் அது வந்துவிட்டது. அதற்கு முன் ஒரு காரியம்: எங்கள் பத்திரத்தின் நகலும் சர்வேயர் படத்தின் நகலும் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். வடக்கு எல்லை இரண்டிலும் ஒத்துப்போகவில்லை, சில அடி இடிக்கிறது. ராடு கணக்கில் பிசகா, படத்தில் பிசகா என்று உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்