வாரிசுச் சான்றில் என் பெயரையும் மகள் பெயரையும் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரர்,
கானாடுகாத்தான், காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: காலமான கணவரின் வாரிசுச் சான்று, பூட்டப்பட்ட குடியிருப்பு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவர் சென்ற ஆண்டு சிறுநீரகக் கோளாறால் காலமானார். எங்களுக்குப் பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள். காரியங்கள் முடிந்து பிறந்த வீட்டுக்குச் சென்று திரும்பியபோது, எங்களைத் தனிக்குடும்பமாக வேறு வைத்த காலத்தில் வளவில், அதாவது கணவரின் குடும்பப் பெரிய வீட்டில், எங்களுக்கென ஒதுக்கிய அறைக்குப் புதுப்பூட்டுப் போடப்பட்டிருந்தது. என் பெற்றோர் சீராகத் தந்த வெள்ளி, பித்தளைச் சாமான்களும் மகளின் பள்ளிச் சான்றிதழ்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சாவி கேட்டதற்கு, மகனே போனபின் உனக்கு இங்கே என்ன பாத்தியம் என்று மாமனார் கேட்டார்.

இப்போது அவரும் என் கொழுந்தனாரும், நான் கணவரைப் பிரிந்து வாழ்ந்ததாகக் கூறி, எங்கள் இருவர் பெயரையும் விடுத்து வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்திருப்பதாக அறிகிறேன். மருத்துவமனைப் படிவங்களில் இறுதிவரை உடனிருந்தவராகக் கையொப்பமிட்டவள் நானே. அவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். பிரிந்திருந்ததாகவே கொண்டாலும், விவாகரத்துத் தீர்ப்பு இல்லாதவரை மனைவியின் வாரிசுரிமை போய்விடாது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். தந்தை இரண்டாம் வகுப்பிலேயே வருகிறார். என் மாமியாரின் பங்கை நான் மறுக்கவில்லை. அவரும் என்னை மறுக்கமாட்டார், தனியே விசாரித்தால்.

பாகப்பிரிவினை உரிமையியல் நீதிமன்றத்துக்குரியது என்பதை அறிவேன். அதற்கான வழக்கைத் தொடுக்க வழக்கறிஞரை அணுகியுள்ளேன். ஆனால் எங்கள் பெயரில்லாத சான்றைக் காட்டிப் பட்டா மாற்றிவிட்டால், வளவை விற்பதற்குத் தடையிராது. இப்பகுதியில் பழைய வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் கழற்றி விற்கப்படுவதைத் தாங்கள் அறிவீர்கள்; தரகர்கள் ஏற்கெனவே வந்து தூண்களை அளந்து சென்றுள்ளனர். மரங்கள் போனபின் கிடைக்கும் தீர்ப்பால் எனக்கு மனைக்கட்டு மட்டுமே மிஞ்சும்.

ஆகவே, என்னையும் அக்கம்பக்கத்தாரையும் நேரில் விசாரிக்காமல் சான்று வழங்க வேண்டாம் என வட்டாட்சியருக்கு அறிவுறுத்தவும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 17ஆம் பிரிவு தரும் குடியிருப்பு உரிமையை நான் நீதிமன்றத்தில் கோருவதற்குப் பாதுகாப்பு அலுவலரின் உதவி கிடைக்கச் செய்யவும் வேண்டுகிறேன். பள்ளி திறக்கும் முன் சான்றிதழ்களையாவது எடுத்துத்தர ஆவன செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்