ஹார்ட்டின் தலையங்கத்தையும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஹார்ட் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கலிஃபோர்னியத் தங்கவேட்டைக் காலத்தைச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவரை நினைவுகூர்ந்ததற்கு நன்றி. ஆனால் கட்டுரையாளர் அவர் கதைகளை 'மிகையுணர்ச்சி' என்று ஒதுக்கியது மனதை உறுத்தியது. 1860-இல் அவர் எழுதிய தலையங்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்போது ஹார்ட்டுக்கு 23 வயது. இன்று ஆர்காட்டா எனப்படும் யூனியன் என்ற சிற்றூரில் பத்திரிகை வேலை. பிப்ரவரி 26 அன்று, ஹம்போல்ட் விரிகுடாத் தீவில் சடங்குக்காகக் கூடியிருந்த வியட் பழங்குடியினரை வெள்ளைக் குடியேறிகள் வெட்டிக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஆசிரியர் வெளியூர் போயிருந்ததால் பொறுப்பு ஹார்ட் கையில். கோடாரியால் முகம் பிளந்த, ஒரு சாண்கூட இல்லாத சிசுக்களைப் பற்றி அவர் தலையங்கத்தில் அப்படியே எழுதிவிட்டார். கொலைகாரர்கள் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தது ஹார்ட்டுக்குத்தான்.

அப்புறம் 1868-இல், சான் பிரான்சிஸ்கோவில் 'ஓவர்லேண்ட் மன்த்லி' ஆசிரியராக இருந்தபோது 'ரோரிங் கேம்ப்பின் அதிர்ஷ்டம்' எழுதினார். முரட்டு ஆண்கள் மட்டுமே உள்ள சுரங்க முகாமில் தாயை இழந்த ஒரு பச்சைக் குழந்தை. கழுதைப்பால் கொடுத்து வளர்க்கிறார்கள். (எனக்கும் பிறந்த புதிதில் சங்கில் கழுதைப்பால் புகட்டினார்களாம், அதனாலோ என்னவோ, அந்த இடம் எனக்கு ரொம்ப நெருக்கம்.) பார்க்க வந்த கென்டக் என்பவனின் விரலைக் குழந்தை பற்றிக்கொள்கிறது. அவன் அந்த ஒரு விரலை மட்டும் தனியே நீட்டி நீட்டிப் பார்க்கிறான். ஆற்றுப்பக்கம் போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து, இரவில் கதவைத் தட்டிப் பிள்ளை எப்படியிருக்கிறது என்று கேட்கிறான்.

வெட்டுண்ட சிசுக்களைப் பற்றி எழுதிய அதே கைதான் எட்டு வருடம் கழித்து இதை எழுதியது. இதை எப்படி மிகையுணர்ச்சி என்பது? அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் கதை ஒழுக்கக்கேடானது என்று ஆட்சேபித்தும், மாற்றாமல் வெளியிட வைத்தார் ஹார்ட். பின்னாளில் அவர் எழுத்து வற்றியது உண்மைதான், மறுக்கவில்லை.

அந்தத் தீவின் பெரும்பகுதியை 2019-இல் யுரேகா நகர நிர்வாகம் வியட் மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. அந்தத் தலையங்கத்தை முழுதாகத் தமிழாக்கி, அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், கோவில்பட்டி