இணையச் சித்திரக்கதையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையில் பாதி வராதவர்களுக்காக எழுதியது என்பதால் அவர்களையும் சேர்த்துக்கொண்டேன்.

மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. ஒன்று ஆள் சேராமல் கலைந்தது. வண்ணம் தீட்டும் மென்பொருள் குறித்து ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. சங்கச் சின்னத்தை மாற்றும் விவாதம் மூன்றாவது முறையாக ஒத்திவைக்கப்பட்டது.

அப்புறம், ஒப்பந்த வாசிப்பு. நம் கதைகளைப் படமாக்கக் கேட்பவர்கள் அனுப்பும் ஒப்பந்தங்களை வழக்கறிஞரை வைத்துப் படித்துப் பார்க்கும் கூட்டம் இது. “செயலாளரின் சொந்த ஆசைக்குச் சங்கப் பணம் போகிறது” என்று செயற்குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சினிமாக்காரர்களிடமிருந்து வரும் முதல் மின்னஞ்சல் எப்போதும் இனிக்கும். உங்கள் கதையை ஒரே மூச்சில் படித்தோம் என்பார்கள். அடுத்த மின்னஞ்சலில் ஒரு பிடிஎஃப் வரும். முதலாவதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் வழக்கம்.

நானும் அப்படிப் போட்டவன்தான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தயாரிப்பு நிறுவனம் என் கதைக்கு 18 மாத ஆப்ஷன் கேட்டது. ஆப்ஷன் என்றால் படம் எடுப்பதற்கான பணம் இல்லை. எடுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் யோசிக்கும்வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் இருப்பதற்கான பணம். கதைக்கு உரிய விலை, பெரும்பாலும் படப்பிடிப்பு தொடங்கும்போதுதான் வரும். இது தெரியாமல் ‘என் கதை படமாகிறது’ என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒரு கடிதம் அனுப்பினாலே இன்னொரு 18 மாதம் நீளும், அதற்குத் தனிப் பணம் கிடையாது என்பது ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன், தொகை அங்கேதான் இருந்தது. அதே பாத்திரங்களை வைத்து இரண்டாம் பாகம் வரையவும் தடை. மூன்று ஆண்டுகள் கழித்துக் கதை என் கைக்குத் திரும்பியபோது வாசகர்கள் வேறு கதைகளுக்குப் போயிருந்தார்கள். சொந்த ஆசை என்றால் இதுதான் அந்த ஆசை.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். இரண்டாம் சனிக்கிழமைதோறும் ஓர் ஒப்பந்தத்தைப் பெயர்களைக் கறுப்படித்துத் திரையில் போடுவோம். வழக்கறிஞர் ஒவ்வொரு வரியாக விளக்குவார். முதல் நாளே ‘பிரபஞ்சம் முழுவதும், இன்று உள்ளதும் இனிக் கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும்’ என்ற வரி வந்தது. செவ்வாயில் படம் ஓடினாலுமா என்று ஓர் இளைஞர் கேட்டார். “அதுவும் அவர்களுக்குத்தான்” என்றார் வழக்கறிஞர், சிரிக்காமல். பிறகு பென்சிலால் இன்னொரு இடத்தைச் சுட்டினார். அச்சுப் புத்தகம், பொம்மை, சட்டை, ஏன், நம் சொந்தத் தளத்தில் கதையைத் தொடர்ந்து வெளியிடும் உரிமைகூட அந்த வரிக்குள் போயிருந்தது. இவை என்னுடையவை என்று பெயர் சொல்லி எழுதி வாங்காவிட்டால் பிறகு வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நிகர லாபத்தில் 5 சதவீதம் என்பதைப் பார்த்து மகிழ்ந்துபோன உறுப்பினருக்கும் அங்கேதான் தெளிவு பிறந்தது. விநியோகக் கட்டணம், விளம்பரம், வட்டி, அலுவலகச் செலவு எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் நிகரம். கணக்குப் போடுபவர்களும் அவர்களே. படப்பிடிப்பு தொடங்கும் நாளில் ஒரு நிச்சயத் தொகை, அல்லது பட்ஜெட்டில் ஒரு சதவீதம், அதற்குக் கீழே குறையாத ஓர் அடிமட்டத் தொகை, இப்படிக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

பெரிய நிறுவனம் வாங்கினால் கவலை இல்லையே என்று ஒருவர் கேட்டார். ‘நிமோனா’வைச் சொன்னேன். 2012-ல் இணையத்தில் தொடங்கிய கதை. 2015-ல் ஹாலிவுட் நிறுவனமான ஃபாக்ஸ் படமாக்கும் உரிமையை வாங்கியது. 2019-ல் ஃபாக்ஸே டிஸ்னியின் கைக்குப் போனது. 2021-ல் படத்தைச் செய்துகொண்டிருந்த புளூ ஸ்கை ஸ்டூடியோ மூடப்பட்டது, பாதியில் படம் நின்றது. பிறகு வேறொருவர் கை கொடுத்து 2023-ல்தான் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. எட்டு ஆண்டுகள். அவர்களுக்கு நல்லபடியாக முடிந்தது. இத்தனை ஆண்டுக்குள் எடுக்காவிட்டால் உரிமை நம்மிடமே திரும்பும் என்ற வரி இல்லாதவர்களுக்கு எப்படி முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எல்லாம் இருட்டு என்றும் சொல்லவில்லை. ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ என்ற இணையச் சித்திரக்கதை தொடராக வந்தபோது, அதை வரைந்த ஆலிஸ் ஓஸ்மேனே திரைக்கதையையும் எழுதினார். கேட்கலாம் என்று தெரிந்தால்தானே கேட்போம்.

ஆனால் எனக்குப் பெருமை தருவது வேறொன்று. எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர் என்று ஆறு ஆண்டுகளாக ஒரு கதையை நடத்திவந்த இருவரிடம், உரிமை யாருடையது, காகிதம் காட்டுங்கள் என்று நிறுவனம் கேட்டது. இருவருக்கும் இடையே ஒரு வரி எழுத்து இல்லை. நிறுவனம் அடுத்த கதைக்குப் போய்விட்டது. அதைக் கேட்ட நான்கு ஜோடிகள் அன்றே நாற்காலி முதுகில் காகிதத்தை வைத்து, பங்கு எவ்வளவு, யார் சம்மதம் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வாசிப்புக்கு 14 பேர் வந்தார்கள். கடைசி வாசிப்புக்கு வழக்கறிஞரையும் என்னையும் சேர்த்து ஐந்து பேர். வராதவர்கள் இரவு பதினொரு மணிக்கு அழைக்கிறார்கள். “கையெழுத்துப் போட்டுட்டேன், ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்.” போட்ட பிறகு நான் பார்த்து என்ன ஆகப்போகிறது?

சந்தா விஷயம். மொத்தம் 58 உறுப்பினர்கள், 31 பேர் பாக்கி. சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு. அந்த 31 பேரில் 9 பேர் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற்றவர்கள், ஒருவர் இரண்டு முறை. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை. பட்டியல் பொருளாளர் மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. சென்ற ஆண்டைவிடக் கையிருப்பு சற்றுக் குறைவு. காரணம் மேலே சொன்னதுதான். மற்ற விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன, ஒரு சில ரசீதுகள் தவிர.

தலைவர், செயற்குழுவினர், அரங்கம் தந்தவர்கள், புரொஜெக்டரை இரவல் தந்து இன்னும் திருப்பிக் கேட்காத நண்பர் அனைவருக்கும் நன்றி.

வழக்கறிஞர் இதுவரை பாதிக் கட்டணத்தில் வந்தார். அடுத்த ஆண்டு அப்படி வர முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். 31 பேரும் கட்டினால் அவருக்கு முழுக் கட்டணம் கொடுத்து மீதியும் இருக்கும், நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் வரையவேண்டிய பக்கங்கள் தேங்கிக் கிடக்கின்றன. செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் சாவியை இன்றே தந்துவிடுவேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், அரங்கம் அமைதியாக இருந்தது. அதை நம்பிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. இந்த வாரம் நம் உறுப்பினர்கள் மூவருக்கு ஒரே இடத்திலிருந்து ஒரே பிடிஎஃப் வந்திருக்கிறது, கதையின் பெயர் மட்டும் மாறி. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள். இருவர் இங்கே இருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். மூன்றாமவரை யாராவது அழைத்துச் சொல்லுங்கள். என் அழைப்பை அவர் எடுப்பதில்லை, சந்தா கேட்கத்தான் என்று நினைக்கிறார் போலிருக்கிறது.