பார்வதிக்கு ஒரு கடிதம்: மேப்ரிக் வழக்கும் மருத்துவர் சாட்சியும்

தென்காசி

அன்புள்ள பார்வதி,

உன் மகன் கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து என்னிடமிருந்து ஒரு வரி இல்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாகச் சரோஜா சொன்னாள். கோபப்பட உனக்கு உரிமை உண்டு, படு. இங்கே எல்லாரும் நலம். அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குற்றாலத்தில் சாரல் இந்த முறை தாமதம். மாமா இன்னமும் உன்னை 'எதிர்க்கட்சி' என்றுதான் விசாரிக்கிறார். மருமகளுக்கு என் ஆசிகளைச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ சரோஜாவிடம் கொடுத்தனுப்பிய லிவர்பூல் வழக்குத் தொகுப்பை முழுக்கப் படித்து முடித்தேன். அதே நேரத்தில் செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மனும் வந்திருக்கிறது. பணியில் இருந்தபோது நான் செய்த பிரேதப் பரிசோதனை. வீட்டுக்குள் நடந்த மரணம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. ஆனால் இரண்டும் ஒரே மேஜையில் கிடக்கும்போது ஒன்றை நினைக்காமல் மற்றதைப் படிக்க முடியவில்லை.

கணவனை விஷம் வைத்துக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஃபுளோரன்ஸ் மேப்ரிக்கைப் பற்றிப் போனில் நீ என்ன சொன்னாய்? "அவள் செய்திருப்பாள் சாந்தா, சந்தேகமே இல்லை" என்றாய். இத்தனை வருடம் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு, வாதாடியவள் பேசுகிற பேச்சா இது? அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவள் செய்தாளா என்பதை விடு. முதலில் அவர் எதனால் செத்தார்? ஜேம்ஸ் மேப்ரிக் பஞ்சு வியாபாரி. 1889 ஏப்ரல் கடைசியில் குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டு வந்து படுத்தவர், மே 11-ஆம் தேதி இறந்தார். மனைவி ஃபுளோரன்ஸ் அமெரிக்கப் பெண், அவரைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவள், வேறொருவரோடு தொடர்பு இருந்தது. படுக்கையறைத் தொட்டியில் ஈ கொல்லும் பாஷாணத் (ஆர்செனிக்) தாள்களை ஊறவைத்துத் துண்டால் மூடி வைத்திருந்ததை வேலைக்காரப் பெண்கள் பார்த்தார்கள். முகப்பூச்சுக்காக என்றாள் அவள். வீட்டைச் சோதித்தபோது ஆர்செனிக் ஏராளமாகக் கிடைத்தது. இவ்வளவையும் படித்தவுடன் நீ முடிவுக்கு வந்துவிட்டாய். ஜூரிகளும் அப்படித்தான் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

நான் உடலைத் திறந்து பார்த்துப் பழகியவள். எனக்கு அந்த வீட்டு அலமாரியில் இருந்த பாஷாணம் பெரிதில்லை, உடலுக்குள் இருந்ததுதான் பெரிது. உள்ளே எவ்வளவு இருந்தது? கல்லீரல், சிறுநீரகம், குடல் ஆகியவற்றில் கிடைத்த எல்லாவற்றையும் கூட்டினாலும் அரை கிரெயினுக்குக் குறைவு (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்). இரைப்பையில் ஒன்றும் இல்லை. ஆளைக் கொல்ல இரண்டு கிரெயினாவது வேண்டும். நமது பாடப்புத்தகக் கணக்கும் ஏறத்தாழ அதுதான். வாந்தியிலும் பேதியிலும் பெரும்பகுதி வெளியேறியிருக்கலாம் என்பாய். இருக்கலாம்தான். ஆனால் அந்த மனிதர் பல ஆண்டுகளாகத் தாமாகவே ஆர்செனிக் சாப்பிட்டு வந்தவர். பஞ்சுச் சந்தைப் பக்கத்தில் கடை வைத்திருந்த மருந்துக்காரர் ஒருவர், ஆர்செனிக் கலந்த உற்சாக மருந்தை அவருக்கு அடிக்கடி கொடுத்ததாகக் கூண்டில் ஏறிச் சொன்னார். போதாததற்குக் கடைசி நோயில் மருத்துவர் ஹம்ப்ரீஸ் கொடுத்த மருந்துகளில் ஃபவுலர் கரைசலும் ஒன்று. அதுவே ஆர்செனிக்தான்! கொஞ்சமே கொடுத்தார், சரி. ஆனால் உள்ளே கிடைத்ததும் கொஞ்சம்தானே?

இந்த ஹம்ப்ரீஸைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நோயாளியின் தலைமாட்டில் நின்றவர் அவர். பாஷாணத்தால் இறந்த ஒருவரின் உடற்கூறு ஆய்வில்கூட அதற்கு முன் கலந்துகொண்டதில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஆர்செனிக் பேச்சு வராமல் இருந்திருந்தால் குடல் அழற்சி என்று சான்றிதழ் கொடுக்கத் தயாராக இருந்தார். விஷம் என்ற எண்ணம் அவருக்கு எப்போது வந்தது? லண்டனிலிருந்து வந்திறங்கிய மேப்ரிக்கின் தம்பி மைக்கேல் வந்து சொன்ன பிறகு. நோயைப் பார்த்து வந்த சந்தேகம் அல்ல அது, வீட்டார் வாயிலிருந்து மருத்துவர் காதுக்குப் போன சந்தேகம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாந்தியும் அவருக்கு விஷத்தின் வாந்தியாகத் தெரிந்திருக்கும்.

இது எனக்குப் புதிதில்லை பார்வதி. சவக்கிடங்கு வாசலில் நிற்கிற உறவினர்கள், "டாக்டரம்மா, அவன்தான் கொடுத்திருக்கான்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். எதிர்த்தரப்பில் ஒருவர் வந்து "அவளுக்கு வயிற்றுவலி, தாங்காமல் குடித்துவிட்டாள்" என்பார். இரண்டையும் கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். போனபின் அந்த இரண்டையும் மறந்துவிட்டு உடலைப் பார்க்க வேண்டும். இரைப்பையும் அதில் உள்ளதும் சிறுகுடலின் ஒரு பகுதியோடு ஒரு ஜாடியில், கல்லீரல் துண்டும் இரண்டு சிறுநீரகங்களின் பாதிகளும் இன்னொன்றில், செறிந்த உப்புக் கரைசல் ஊற்றி, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவோம். ஊற்றிய உப்புக் கரைசலிலும் ஒரு மாதிரியைத் தனியாக அனுப்புவோம். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில், ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதுவோம். அதை எழுதும்போது உறவினர்கள் என்னைப் பார்க்கும் பார்வை உனக்குத் தெரியாது.

உப்புக் கரைசலுக்கு எதற்கு மாதிரி என்று ஒருமுறை நீ கேலி செய்தாய், நினைவிருக்கிறதா? சோதனைக்குப் பயன்படும் பொருளிலேயே விஷம் இல்லை என்று காட்டத்தான்: 1859-இல் ஸ்மெதர்ஸ்ட் என்ற மருத்துவர்மீது கொலை வழக்கு. இங்கிலாந்தின் தலைசிறந்த நச்சியல் நிபுணர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர் புட்டி ஒன்றில் ஆர்செனிக் கண்டதாகச் சொன்னார். கடைசியில் பார்த்தால், அவர் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பிலேயே ஆர்செனிக் இருந்திருக்கிறது. அதன் பிறகும் ஸ்மெதர்ஸ்டுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு மன்னிப்புக் கொடுத்து, இருதார மணத்துக்காகச் சிறையில் வைத்தார்கள். டெய்லருக்கே அது நேர்ந்தது என்றால், மற்றவர்கள் எவ்வளவு பயந்து வேலை செய்ய வேண்டும்!

மேப்ரிக் வழக்கில் அரசுத் தரப்புக்கு லண்டன் கைஸ் மருத்துவமனையின் நச்சியல் நிபுணர் ஸ்டீவன்சன் வந்தார். ஆர்செனிக்கால்தான் இறந்தார், ஐயமில்லை என்றார். எதிரித் தரப்புக்கு டைடி என்ற நிபுணர் வந்தார். இந்த அறிகுறிகள் ஆர்செனிக்குக்குப் பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். இருவருமே பெரிய படிப்பாளிகள், இருவருமே உண்மையாகப் பேசினார்கள் என்றே நான் நம்புகிறேன். பன்னிரண்டு லங்காஷயர்க்காரர்கள் இவர்களில் யாரை நம்ப வேண்டும்? அந்த இடத்தில்தான் நீதிபதி வழிகாட்டியிருக்க வேண்டும்.

அந்த நீதிபதி யார் என்பதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன்! நீ வாழ்நாளெல்லாம் கையில் வைத்திருந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதியவர். 45-ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு உனக்கு மனப்பாடம். ஒருவரின் மரணம் விஷத்தால் நேர்ந்ததா என்பது கேள்வி, அந்த விஷம் உண்டாக்கும் அறிகுறிகளைப் பற்றி நிபுணர்கள் சொல்லும் கருத்து பொருத்தமானது என்பது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய சாக்ஷிய அதினியம்) அதே பிரிவு 39 என்று எண் மாறியிருக்கிறது. இந்தியாவில் உட்கார்ந்து கற்பனையாக எழுதிய அதே கேள்வி, பதினேழு ஆண்டு கழித்து லிவர்பூலில் அவர் முன்னாலேயே வந்து நின்றது. அதை எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைக்கத் தெரிந்தவர்! ஆனால் 1889-இல் அவர் உடல் தளர்ந்திருந்தது, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தது. இரண்டு நாள் நீண்ட தொகுப்புரையில் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் பேசிய வேகம், கல்லீரலில் கிடைத்த அளவைப் பற்றிப் பேசியபோது இல்லை. இரண்டு ஆண்டில் பதவியை விட்டு விலகினார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. தூக்குத் தண்டனை விதித்தாகிவிட்டது, ஊரே கொதிக்கிறது. உள்துறை அமைச்சர் ஹென்றி மாத்யூஸ் தண்டனையைக் குறைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைத் திரும்பப் படித்துப் பார். கொல்லும் நோக்கத்தோடு அவள் ஆர்செனிக் கொடுத்தாள், கொடுக்க முயன்றாள் என்று சாட்சியங்கள் காட்டுகின்றனவாம். ஆனால் ஆர்செனிக்கால்தான் அவர் இறந்தார் என்பதில் நியாயமான ஐயம் முற்றிலும் நீங்கவில்லையாம். ஐயம் இருந்தால் அது கொலை வழக்காக எப்படி நிற்கும்? கொலை முயற்சிக்கு அவள்மீது யாரும் குற்றம் சாட்டவுமில்லை, விசாரிக்கவுமில்லை. ஆனாலும் 1904 வரை சிறையில் இருந்தாள். அவளுக்காக வாதாடிய ரஸ்ஸல் பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாகவே ஆனார். அவளை விடுவிக்க வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமே 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. சத்தியப்பிரமாணம் செய்து தன் வழக்கில் தானே சாட்சி சொல்லும் உரிமைகூட அவளுக்கு இல்லை. அது வந்தது 1898-இல்.

நோயாளிக்குக் கொடுக்க வைத்திருந்த இறைச்சிச் சாற்றுப் புட்டியை மறைத்துவிட்டேன் என்று நினைக்காதே. அதில் அவள் ஏதோ பொடியைப் போட்டது உண்மை. கணவர் கெஞ்சிக் கேட்டதால் போட்டேன் என்று, சத்தியப்பிரமாணம் இல்லாத வாக்குமூலமாக, அவளே கோர்ட்டில் சொன்னாள். அரை கிரெயின் ஆர்செனிக் அதில் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் புட்டியிலிருந்து அவருக்கு ஒரு துளியும் கொடுக்கப்படவில்லை. குடிக்காத புட்டி எப்படிக் கொல்லும்?

நமது உச்ச நீதிமன்றம் 1984-இல், விஷ மரணம் பற்றிய சார்தா வழக்கில் இதைத்தானே பிரித்து வைத்தது? நோக்கம், இறந்தது அந்த விஷத்தால்தானா, எதிரியிடம் விஷம் இருந்ததா, கொடுக்க வாய்ப்பு இருந்ததா என்று நான்கு. நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். லிவர்பூலில் ஒன்றும் மூன்றும் நான்கும் மலைபோல இருந்தன, இரண்டாவது மட்டும் இல்லை. அந்த இரண்டாவதுதான் மருத்துவர் சொல்ல வேண்டியது. மற்ற மூன்றின் கனத்தைக் கொண்டு அதை நிரப்ப எந்த மருத்துவருக்கும் உரிமை கிடையாது. நான் கூண்டில் ஏறும்போது அரசு வக்கீல் "நிச்சயமாகச் சொல்லுங்கள்" என்பார், எதிர்த்தரப்பு வக்கீல் "வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா" என்பார். உடலும் ஆய்வகமும் எதுவரை காட்டினவோ அதுவரை சொல்லுவேன், அங்கேயே நிறுத்துவேன். இறந்தவரின் தாயார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அப்போதும் நிறுத்துவேன்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. நிபுணர் தம் கருத்துக்கு அடிப்படையாகச் செய்த சோதனைகளைச் சொல்லலாம் என்று பழைய சட்டத்தில் 51-ஆம் பிரிவு இருந்ததே, அது புதிய சட்டத்தில் எந்த எண் என்று பார்த்து எழுது. சார்தா தீர்ப்பின் நகலும் வேண்டும், நீ அடிக்கோடிட்டு வைத்திருக்கும் பிரதியாக இருந்தால் நல்லது. சம்மன் தேதிக்கு முன்னால் கைக்கு வருமாறு ஸ்பீட் போஸ்டில் போடு. மேப்ரிக் தொகுப்பை இன்னும் கொஞ்ச நாள் நானே வைத்துக்கொள்கிறேன். டைடியின் சாட்சியத்தை மறுபடி படிக்க வேண்டும்.

அன்புடன்,
சாந்தா