டேப் வைத்துக்கொள்வதற்கு முன்னால்

அன்புள்ள வசந்தா,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் அவளைத் தூக்கினாலே சிறுநீர் கசிகிறது, தும்மக்கூட பயமாக இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

கசிவை நிறுத்த ஆபரேஷன் செய்து டேப் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்வது தப்பில்லை, ஆனால் இருப்பது அது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதே. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை, அதாவது சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவதை, சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவரிடம் குறைந்தது 3 மாதமாவது ஒழுங்காகச் செய்தாயா? இருமும்போது கசிவதோடு, அவசரமாக முட்டிக்கொண்டு வந்து பாத்ரூம் போவதற்குள் போய்விடுவதும் உண்டா? இரண்டாவதுதான் அதிகம் என்றால் இந்த ஆபரேஷன் அதற்கு மருந்தல்ல.

டேப் என்பது பாலிபுரோப்பிலீன் வலைப்பட்டை. சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் தொட்டில் மாதிரி கிடந்து, இருமும்போது தாங்கிக் கொடுக்கும். 1990களில் வந்தது. வெட்டு சிறியது, பலர் அன்றைக்கே வீடு திரும்பிவிடுகிறார்கள், நிறையப் பேருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது உள்ளேயே தங்கிவிடும் பொருள், தசையோடு ஒட்டி வளர்ந்த பிறகு முழுசாக எடுப்பது லேசில்லை. சிலருக்கு யோனிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியும், சிலருக்கு வலி நிற்காது. பிரிட்டனில் 2018ல் இதை நிறுத்தியே வைத்தார்கள். அமெரிக்காவில் 2019ல் விற்பனையை நிறுத்தச் சொன்னது கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்கு யோனி வழியாக வைக்கும் மெஷ் என்ற வலையைத்தான், கசிவுக்கான டேப்பை இல்லை. இரண்டையும் குழப்பிப் பயமுறுத்துகிறவர்கள்தான் அதிகம். டேப்பை அந்தரங்க எலும்புக்குப் பின்னால் ஏற்றுவதா, தொடைப் பக்கமாகக் கொண்டுபோவதா என்றும் கேள். முதலாவதில் சிறுநீர்ப்பையில் ஊசி பட வாய்ப்பு கூடுதல், இரண்டாவதில் தொடை இடுக்கு வலி.

நான் செய்துகொண்டது வேறு. என் வயிற்றுச் சுவரிலேயே தசையை மூடியிருக்கும் உறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, சிறுநீர்க்குழாயைத் தாங்கும் தொட்டிலாக, ஸ்லிங் என்பார்களே, அப்படி வைத்தார்கள். அந்நியப் பொருள் வேண்டாம் என்பதுதான் காரணம். தழும்பு பெரியது, தேறி வர நாளாகும், முதலில் சிறுநீர் சரியாக இறங்காமல் கதீட்டரோடு இருந்தேன், எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்போது மாடிப்படி ஏறினாலும் கவலையில்லை. பர்ச் என்று இன்னொன்று, சிறுநீர்ப்பைக் கழுத்துக்கு இருபக்கமும் தையல் போட்டுத் தூக்கிக் கட்டுவது, லேப்ராஸ்கோப்பியிலும் செய்கிறார்கள். அப்புறம் சிறுநீர்க்குழாய்ச் சுவரில் ஜெல் ஊசி. அது லேசானது, ஆனால் பலன் குறைவு, மறுபடி போட வேண்டி வரலாம்.

உன் டாக்டர் இதில் எதை அடிக்கடி செய்கிறார், பிரச்சினை வந்தால் டேப்பை எடுக்கத் தெரிந்தவர் யார், இந்த இரண்டையும் கூச்சப்படாமல் கேள். பதில் மழுப்பலாக இருந்தால் இன்னொருவரைப் பார். அவசரமே இல்லை, இது உயிருக்கு ஆபத்தான வியாதியில்லை.

சிறுநீர்ப்பை எப்படி நிரம்பிக் காலியாகிறது என்று பார்க்கும் யூரோடைனமிக் பரிசோதனை செய்யச் சொன்னால் அதன் ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பு. முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
மல்லிகா