தோட்டத்து வலை ஒட்டடை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகியை முன்னிட்டு எங்கள் குடியிருப்பில் வீடுகளுக்குள் ஒட்டடை அடித்து முடித்தவர்கள், அதே கோலுடன் பூங்காவுக்கும் சென்று, செம்பருத்திச் செடிகளில் இருந்த சிலந்தி வலைகளை எல்லாம் சுருட்டி எறிந்துவிட்டார்கள். அந்த வருத்தத்தில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வீட்டு மூலையில் தூசி படிந்து தொங்கும் ஒட்டடை, பெரும்பாலும் சிலந்தி கைவிட்டுப் போன பழைய நூல். செடிகளுக்கிடையே வட்டமாகக் கட்டியிருப்பதோ ஓர் உயிர் நாள்தோறும் காத்திருந்து இரை பிடிக்கும் இடம். நம் தோட்டங்களில் எளிதில் காணக்கூடியது, மஞ்சளும் பழுப்பும் பட்டை பட்டையாகக் கொண்ட கையெழுத்துச் சிலந்தி. எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருக்கல் குறி போல விரித்தபடி, வலையின் நடுவில் தலைகீழாக அமர்ந்திருக்கும். கால்கள் முடியும் இடங்களிலிருந்து வெள்ளை இழையில் நெளிநெளியாகத் தையல் போட்டிருக்கும். அந்தக் கோலத்தால் வந்த பெயர்தான் கையெழுத்து. அது பூச்சிகளைக் கவர்வதற்கா, பறவைகளை எச்சரிப்பதற்கா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

மார்கழிக் காலை ஒன்றில் அந்த வலையில் ஒரு வெட்டுக்கிளி விழுந்ததைக் கண்டேன். சிலந்தியின் பார்வை கூர்மையற்றது; இழையில் எழும் அதிர்வைக் கொண்டே இரை சிக்கிய இடத்தை அறிகிறது. விரைந்து ஓடியது, எடுத்த எடுப்பில் கடிக்கவில்லை. பின்னங்கால்களால் பட்டிழையை அகலமாக இழுத்து வீசி, வெட்டுக்கிளியை உருட்டி உருட்டிப் பொதிந்து, அசைவு அடங்கிய பிறகே கடித்தது. செடியின் இலையைத் தின்னும் பூச்சிதான் அன்று அதற்கு உணவு. இப்படி உதவும் உயிரைக் கலைத்துவிட்டு, பின்னர் பூச்சி பெருகிவிட்டது என்று மருந்து தெளிப்பது என்ன நியாயம்?

கடித்துவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. இச்சிலந்தியின் நஞ்சு மனிதருக்கு ஆபத்தானதல்ல. நாம் நெருங்கினால் அது வலையை வேகமாக ஆட்டும், அல்லது இழையைப் பிடித்துக் கீழே இறங்கி மறையும்.

நான் பார்த்துவந்த சிலந்தி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பெண். அதில் பாதி அளவுகூட இல்லாத ஆண் ஒன்று சில நாள் வலையோரம் தங்கியிருந்தது. பிறகு பக்கத்து இலையடியில் ஒரு முட்டைப் பொதி தெரிந்தது. போகியன்று வலையோடு அதுவும் போயிற்று.

நடைபாதையை மறிக்கும் வலையை அகற்றுவதில் தவறில்லை. மற்ற செடிகளின் பக்கம் ஒட்டடைக் கோலைக் கொண்டுபோக வேண்டாம் என்று, குடியிருப்போர் நலச் சங்கங்கள் துப்புரவுப் பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை.